உப்புக் காற்றில் ஒரு ஹாட் ராட்: பழைய பத்மினியை மீட்டு மாற்றியமைப்பது எப்படி

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்து மண்டபம் ஊரிலோ உச்சிப்புளியிலோ பழைய கார் பார்க்கப் போகும்போது, கிழிந்த போர்வை ஒன்றும், நூலில் கட்டிய சிறு காந்தமும், முனை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரும் என்னோடு வரும். போர்வை, வண்டிக்கு அடியில் விரித்துப் படுப்பதற்கு. காந்தம், பெயிண்டுக்குக் கீழே இருப்பது தகடா, பள்ளத்தை நிரப்ப அப்பும் வெறும் பட்டியா என்று அறிவதற்கு; நல்ல தகட்டில் அது பட்டென்று ஒட்டும், பட்டியை அப்பிய இடத்தில் நழுவி விழும். ஸ்க்ரூ டிரைவர், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டுப் பெட்டியின் அடிவிளிம்பிலும், பின்பக்க வில்பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) வண்டியின் உடலோடு சேரும் இடத்திலும் குத்திப் பார்ப்பதற்கு. குத்தும்போது விற்பவர் முகம் சுளிப்பார், சுளித்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கரையில் தகடு பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும். வாடை வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமிருந்தும், சோளகம் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. அந்த உப்பு, கதவின் அடிமடிப்பு, ரன்னிங் போர்டின் உட்கூடு போன்ற மூடிய இடங்களில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்வதால், மழையே பெய்யாத மே மாதத்திலும் அவ்விடங்கள் முழுதாகக் காய்வதில்லை. ஆகவே பேட்டரித் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, கால்விரிப்புக்கு அடியில் உள்ள பிளாட்ஃபார்ம், முன் மட்கார்டுக்கும் கதவுத் தூணுக்கும் இடையே சேறு தங்கும் பொந்து ஆகிய நான்கையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். மட்கார்டிலும் கதவிலும் ஓட்டை இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். வில்பட்டை பொருந்தும் இடமும், முன் சஸ்பென்ஷன் தாங்கும் பகுதியும் உதிர்ந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. ராமேஸ்வரம் தீவுக்குள் இருபது ஆண்டு நின்ற வண்டியைவிட, பரமக்குடி, முதுகுளத்தூர் போன்ற உள்பகுதியில் ஓடிய வண்டிக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் முடிவில் செலவு குறைவாகவே இருக்கும்.

ஹாட் ராட் என்ற பழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. 1930-களில் தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள், மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டுகளைக் கழற்றிப் பாரத்தைக் குறைத்து, எஞ்சினைக் கூர்தீட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932-இல் ஃபோர்டு தன் மலிவு விலைக் காரில் வி8 எஞ்சினை வைத்தது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. 1949-இலிருந்து யூட்டா மாநிலத்துப் பான்வில் உப்புப் படுகையிலும் அவர்களுடைய வேகச் சோதனைகள் நடக்கத் தொடங்கின. உப்பின் மேல் ஓட்டிவிட்டுத் திரும்பியவுடன் அவர்கள் வண்டியின் அடிப்பாகத்தைத்தான் முதலில் கழுவுவார்கள். வாலிநோக்கத்து உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

வண்டியும் சட்டமும்

நம் ஊரில் இந்த வேலைக்கு எனக்குப் பிடித்த வண்டி பிரீமியர் பத்மினி. இத்தாலிய ஃபியட் 1100 டி காரைப் பம்பாயில் பிரீமியர் நிறுவனம் 1964-இலிருந்து தயாரித்தது. 1970-களில் அதற்குப் பத்மினி என்று பெயர் மாறியது. முன்பக்கம் எஞ்சின், பின்சக்கர ஓட்டம், 1089 சி.சி., நான்கு சிலிண்டர். சிலிண்டரின் விட்டம் 68 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மி.மீ. பானெட்டைத் திறந்தால் கையும் ஸ்பேனரும் உள்ளே போக இடம் இருக்கும். மாருதி 800 இதைவிடப் பாரம் குறைந்தது, உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் மெல்லிய தகட்டில் துரு விழுந்தபின் வெல்டிங் நிற்பது கடினம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு என்பது பெரிய வசதி. உதிரிபாகத்துக்கு அலையும் பொறுமை உள்ளவர்கள் அதை எடுக்கலாம்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பென்சிலால் தாளில் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்சி புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பதிவு காலாவதியாகிப் பல ஆண்டு கிடந்த வண்டியானால், புதுப்பிக்க முடியுமா என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆகவே பெரிய எஞ்சினைத் தூக்கி வைப்பதும், கூரையை அறுத்துத் தாழ்த்துவதும், மட்கார்டு இல்லாமல் சக்கரத்தைத் திறந்து விடுவதும் சாலையில் ஓடும் வண்டிக்கு ஆகாது. நிறத்தை மாற்றினால்கூட விண்ணப்பித்து ஆர்சியில் பதிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. 50 ஆண்டைத் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விதியின்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம்; ஆனால் அது மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது ஒட்டுப்போடாத 1960-களின் ஃபியட்டாக இருந்தால், தயவுசெய்து அதை ஹாட் ராட் ஆக்காதீர்கள். அதை அப்படியே புதுப்பித்து வைத்துக்கொண்டு, இந்த வேலைக்கு 1980-களின் பத்மினி ஒன்றைத் தேடுங்கள்.

இந்த வரம்புக்குள் என்ன செய்ய முடியும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பிறவி எஞ்சினை அதன் அளவிலேயே நுட்பமாகக் கட்டுவது, வண்டியைச் சற்றே தாழ்த்துவது, அலங்காரப் பட்டிகளையும் குரோமையும் களைவது, உள்ளே தேவையற்ற பாரத்தைக் குறைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியை நேராகவும் விரைவாகவும் நிற்கச் செய்வது ஆகியவை உள்ளன. எனக்கு இதற்கே ஒன்றரை ஆண்டு பிடித்தது.

கழற்றுவதற்கு முன் கட்டுவது

பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடல்தான் சேஸிஸ். ரன்னிங் போர்டுப் பெட்டி இரண்டும் அதன் முதுகெலும்பைப் போன்றவை. அவற்றை அறுப்பதற்கு முன், கதவு திறக்கும் இடைவெளிகளில் 25 மி.மீ. ஆங்கிள் இரும்பைக் குறுக்காகவும் மேலும் கீழுமாகவும் வெல்டு செய்து, உடலை அசையாமல் பூட்ட வேண்டும். என் முதல் வண்டியில் நான் இதைச் செய்யவில்லை. வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி, இடப்பக்க ரன்னிங் போர்டை முழுதாக அறுத்து எடுத்து, புதிய தகட்டை இரண்டு நாளில் அழகாகப் பற்றவைத்து முடித்தேன். கதவை மாட்டியபோது அது பின்தூணில் முட்டி நின்றது. எஞ்சினின் பாரத்தில் முன்பக்கம் தொங்கி, உடல் நடுவில் ஒடுங்கியிருந்தது. கதவு இடைவெளியில் ஒரு தீப்பெட்டிக் கனம் குறைந்துபோயிருந்தது. அந்தக் கனத்தைத் திரும்பப் பெறுவதற்கு, செய்த வெல்டிங் முழுவதையும் அறுத்து, எஞ்சினை இறக்கி, மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு அறுப்பதற்கு முன் ஒவ்வொரு கதவு இடைவெளியையும் நான்கு இடங்களில் அளந்து கூரையின் உட்பக்கத்தில் சாக்பீசால் எழுதி வைப்பேன்.

கழற்றும் வேலைக்கு அவசரம் கூடாது என்பதைத் தவிரப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு பகுதியையும் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுங்கள். போல்டுகளைத் தனித்தனிப் பையில் இட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறுகிப்போன நட்டுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

துருவும் உப்பும்

சிறிய உதிரிபாகங்களின் துருவை நீக்க மின்பகுப்பைவிடச் சுத்தமான வழியை நான் கண்டதில்லை. பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீரை நிரப்பி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டும். துருப்பிடித்த பாகத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் இணைக்க வேண்டும். நேர்முனையைப் பழைய இரும்புத் தகடு ஒன்றில் இணைத்து அதே டிரம்மில் இறக்கி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சார்ஜரைப் போட்டதும் பாகத்தைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் எழும்பும். மறுநாள் காலையில் தண்ணீர் பழுப்பு நுரையாகிக் கிடக்க, பாகம் கறுத்து, தேங்காய் நாரால் தேய்த்தாலே துரு கழன்றுவிடும்.

இதில் நான்கு எச்சரிக்கைகள். முனைகளை மாற்றி இணைத்தால் நல்ல பாகம் கரைந்துபோகும். நேர்முனைக்கு எவர்சில்வர் தகட்டைப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாக நீரில் கலக்கும். குமிழியாக எழுவது ஹைட்ரஜன் என்பதால், திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஸ்பிரிங்குகளையும் உயர்வலிமைப் போல்டுகளையும் இதில் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் புகுந்து அவை உடையும் தன்மை பெறும். கடல் நீர்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, சோடா எதற்கு என்று ஒரு படகு மெக்கானிக் என்னிடம் கேட்டார். உப்பு நீரில் மின்சாரம் பாய்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; அத்துடன், எதை வெளியேற்றப் பாடுபடுகிறோமோ அதையே தகட்டுக்குள் திரும்ப ஏற்றியதாகும்.

உடலின் பெரிய தகடுகளுக்குக் கம்பிப் பிரஷ் மாட்டிய கிரைண்டர் போதும். மணல் வீச்சு வேகமானது என்றாலும், பானெட், கூரை போன்ற அகன்ற தகடுகளை அது நெளித்துவிடும். வெள்ளையாகத் தேய்த்த தகட்டை அதோடு விட்டுவிடக் கூடாது. துருக் குழிகளின் அடியில் உப்பு இன்னும் இருக்கும். நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவித் துடைத்து, வெயிலில் காயவிட்டு, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். அங்கங்கே ஊசிமுனைப் புள்ளிகளாகச் செம்மை மறுபடி பூத்தால் அங்கே உப்பு தங்கியிருக்கிறது; அந்த இடத்தைத் திரும்பத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதற்கு ஆழ்குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் வேலை கெட்டது. நம் மாவட்டத்தின் பல ஊர்களில் அந்தத் தண்ணீரே உப்புக் கரிக்கும். குடிப்பதற்குப் பிடித்து வைத்த தண்ணீரையோ மழைநீரையோ செலவழிக்க வீட்டில் சம்மதம் வாங்குவது இந்த வேலையின் கடினமான பகுதி என்று சொன்னால் மிகையாகாது.

தகடும் வெல்டிங்கும்

பிளாட்ஃபார்முக்கும் ரன்னிங் போர்டுக்கும் 18 கேஜ் தகடு, அதாவது ஏறக்குறைய 1.2 மி.மீ. கனம், வெளி உடலுக்கு 20 கேஜ். சாதாரணக் குச்சி வெல்டிங் இந்தக் கனத்தைப் பொத்துவிடும். கேஸ் வெல்டிங் சூட்டைப் பரப்பித் தகட்டை நெளிக்கும். 0.8 மி.மீ. கம்பி ஓடும் மிக் வெல்டிங்கே ஏற்றது. அதிலும் ஒரே கோடாக இழுக்காமல், மூன்று செ.மீ. இடைவெளியில் ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு எதிர்முனையில் என்று மாற்றி மாற்றி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு இடைவெளிகளை நிரப்ப வேண்டும்.

கடற்கரையில் இதற்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு. வெல்டிங் முனையிலிருந்து வரும் கரியமில வாயுதான் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. பிற்பகல் காற்று அந்த வாயுவை அடித்துக்கொண்டு போய்விட்டால், வெல்டு தேன்கூடு போலத் துளைவிழுந்து நிற்கும். கீற்றுத் தட்டியோ தார்ப்பாயோ கட்டாமல் திறந்த கொட்டகையில் வெல்டு செய்யாதீர்கள். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் விளிம்பில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள். அதன் வெண்புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பெட்ரோல் டாங்கைக் காலியாக இருக்கிறதென்று நம்பி நீங்களே வெல்டு செய்யவே கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

அலங்காரப் பட்டிகளைப் பிடித்திருந்த சிறு துளைகளையும் இப்போதே வெல்டு செய்து மூடிவிடுங்கள். அமெரிக்காவில் உடலை வழுவழுப்பாக்கும் அழகுக்காக இதைச் செய்தார்கள். இங்கே அதற்கு இன்னும் வலுவான காரணம் இருக்கிறது: ஒவ்வொரு கிளிப் துளையும் உப்புநீர் நுழையும் வாசல். குரோம் முலாமும் அப்படியே. கடலோரத்தில் புள்ளி விழாமல் அது நெடுநாள் நிற்காது. பம்பரைத் தேய்த்து வண்டியின் நிறமே அடித்துவிடுவேன்.

பானெட்டின் மேல் காற்று வாங்கும் மேடு வைக்க ஆசைப்படுபவர்கள் பாம்பனிலோ மண்டபத்திலோ பைபர் படகு வேலை செய்பவர்களிடம் போகலாம். பாய், ரெசின், ஹார்டனர் மூன்றையும் அவர்கள் கை அளவறிந்து கலக்கும். கார்ப் பட்டறைகளில் அந்தப் பக்குவத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் பாரம் தாங்கும் எந்தப் பகுதிக்கும் பைபரை நம்ப வேண்டாம். படகின் அடியில் துத்தநாகக் கட்டி கட்டுவது போலக் காருக்கும் கட்டினால் துருப்பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கட்டி நீருக்குள் மூழ்கியிருக்கும்போதுதான் வேலை செய்யும். காற்றில் நிற்கும் காருக்கு அது வெறும் பாரம். தகட்டோடு நேராக ஒட்டிக் கிடக்கும் துத்தநாகப் பிரைமர் வேறு. மூட்டுகளில் அதைப் பூசுவது பயனுள்ளது.

காற்று பார்த்து அடிக்கும் பெயிண்ட்

தை, மாசி, பங்குனி மாதங்கள்தான் பெயிண்டுக்கு உகந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பெயிண்டை வெளுக்கச் செய்யும். ஆனி, ஆடிக் காற்றில் ஈரப் பெயிண்டின் மேல் மணல் ஒட்டும். நாளில் எந்த நேரம் என்றால், பனி ஈரம் முழுதாகக் காய்ந்து, கடற்காற்று இன்னும் வலுக்காத காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட நேரம். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிக்கொள்ளுங்கள்.

தேய்த்த தகட்டை அன்றைக்கே எபாக்சி பிரைமரால் மூடிவிட வேண்டும். இரவு தங்கினால் மறுநாள் அது வேறு தகடு. பட்டி அதன் மேல்தான் வர வேண்டும். வெறும் தகட்டில் நேராக வைத்த பட்டி ஈரத்தை உறிஞ்சி அடியில் துருவை வளர்க்கும். பெயிண்டும் ஹார்டனரும் கலந்து அடிக்கும் டூகே டாப் கோட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. துணியும் சாதாரண முகக்கவசமும் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லையென்றால் கடைசிப் பூச்சை வசதியுள்ள பட்டறையிலேயே கொடுத்து விடுங்கள்.

அடிப்பாகத்துக்குத் தார் அடிக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. தார் காலப்போக்கில் வெடிக்கும். வெடிப்பின் வழியே புகுந்த உப்புநீர் வெளியே வர வழியின்றி உள்ளேயே கிடக்கும், வெளியே பார்த்தால் கறுப்பாகப் பத்திரமாகத் தெரியும். எபாக்சிக்கு மேல் மெல்லிய பூச்சு, மூடிய பெட்டிகளுக்குள் நீண்ட குழல் வழியாக மெழுகுத் தெளிப்பு, இவை இரண்டும் போதும். தெளித்த பின் அடியிலுள்ள வடிதுளைகள் அடைபடாமல் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கும் வண்டியின் உயரமும்

எஞ்சினுக்கு முன் பிரேக்கை முடிப்பது என் வழக்கம். பணம் தீர்ந்துபோனால் நிற்காத வண்டி கையில் மிஞ்சக் கூடாது. பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். டிரம்மை லேத்தில் கொடுத்து வட்டமாக்கி, வீல் சிலிண்டர் நான்கையும் புதிதாகப் போட்டு, லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்துப் பொருத்தினால், இந்தப் பாரம் குறைந்த வண்டி பலர் நினைப்பதைவிட நன்றாகவே நிற்கும். ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டராக இருந்தால் ஒரு குழாய் பொத்துக்கொண்டாலும் நான்கு சக்கரமும் போய்விடும். இரட்டைச் சுற்று வைப்பதையும், முன்பக்கம் டிஸ்க் மாற்றுவதையும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேட்டு, எழுத்தில் சம்மதம் கிடைத்தால் செய்யுங்கள்.

இரும்புப் பிரேக் குழாய் இங்கே பாம்பன் பாலத்துக்கு அக்கரையும் இக்கரையும் ஓடியே அரித்துவிடும். தாமிர நிக்கல் கலவைக் குழாய் அரிக்காது. வெறும் தாமிரக் குழாயைப் போடாதீர்கள்; அது அதிர்வில் இறுகி விரிசல் விடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாதலால், நம் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம். பிரேக் குழாயில் அடைந்த காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள இடப் பின்சக்கரத்தில் தொடங்கி, வலப் பின், இட முன், வல முன் என்று நெருங்கி வர வேண்டும்.

வண்டியைத் தாழ்த்துவதற்குப் பின் வில்பட்டைகளை லாரிப் பட்டை அடிக்கும் பட்டறையில் கொடுத்து வளைவைக் குறைக்கலாம். முன்பக்க ஸ்பிரிங்கைக் கேஸ் விளக்கால் சூடுகாட்டி அமுக்குபவர்கள் இருக்கிறார்கள். சூடுபட்ட ஸ்பிரிங் வலுவிழந்து ஒருநாள் முறியும். குட்டையான ஸ்பிரிங்கைப் புதிதாகச் செய்து வாங்குங்கள். 40 மி.மீ.க்கு மேல் தாழ்த்தினால் நம் கிராமத்து வேகத்தடைகளில் சைலன்சரை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். பழைய 5.20-14 டயருக்குப் பதிலாக ரேடியல் போடும்போது மொத்த விட்டம் அதிகம் மாறாமலும், டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டாமலும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எஞ்சின்

பிரிப்பதற்கு முன் கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்துகொள்ளுங்கள். நான்கு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் ஹெட்டை மட்டும் திறந்தால் போதும். இல்லையென்றால் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி (போரிங்) அடுத்த அளவுப் பிஸ்டன் போட வேண்டும். இங்கேதான் ஹாட் ராட் வேலை தொடங்குகிறது. புதுப் பிஸ்டன் நான்கையும் கனெக்டிங் ராடு நான்கையும் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். என் பெட்டியில் வந்த பிஸ்டன்களில் மிகக் கனமானதற்கும் லேசானதற்கும் ஐந்து கிராம் வேறுபாடு இருந்தது. லேசானதை அளவாக வைத்து, மற்ற மூன்றிலும், கனெக்டிங் ராடோடு பூட்டும் பிஸ்டன்-பின் நுழையும் மேட்டின் உட்பக்கத்தை அரத்தால் சிறிது சிறிதாக அராவி, ஒரு கிராமுக்குள் கொண்டுவந்தேன். நகைக்கடைக்காரர் வேடிக்கையாகப் பார்த்தாலும், அந்த எஞ்சின் இன்றைக்கும் அதிர்வில்லாமல் சுற்றுகிறது. உள்ளிழுக்கும் வழிகளின் வார்ப்புப் பிசிறுகளை நீக்கி, மேனிஃபோல்டின் வாயும் ஹெட்டின் வாயும் கேஸ்கெட்டோடு நேராகப் பொருந்தச் செய்வது அடுத்த வேலை.

ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்த ஈயத்தை நம்பி வார்த்த பழைய வால்வு இருக்கைகள் இன்றைய பெட்ரோலில் தேய்ந்து உள்வாங்கும். ஹெட்டு லேத்துக்குப் போகும்போதே கடின எஃகு இருக்கைகளை அடித்துவிடச் சொல்லுங்கள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப் டயாஃபிரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களை மாற்றி, கலவை மெலிந்து எஞ்சின் சூடேறாதிருக்கக் கார்புரேட்டர் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். பல நாள் ஓட்டாமல் நிறுத்துவதானால் டாங்கைக் கால்வாசியில் விடாதீர்கள். மேலே உள்ள வெற்றிடத்தில் ஈரம் படிந்து டாங்கு உட்புறமாகத் துருப்பிடிக்கும்.

சைலன்சரை 304 ரக எவர்சில்வரில் செய்தால் மறுபடி அந்தப் பக்கம் போக வேண்டியிராது. சத்தத்துக்காக அதன் உள்ளறையை வெட்டிவிடுவது அபராதத்துக்கும் அண்டைவீட்டார் சாபத்துக்கும் மட்டுமே பயன்படும். ரேடியேட்டருக்குக் காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி. வெயில் ஊர் என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பட்டறைகளில் பழகிப்போன தவறு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் சிலிண்டர்தான் தேயும்.

ஒயரிங்

பழைய வண்டியின் மின்கோளாறுகளில் பாதி, எர்த் இணைப்பில் படிந்த துருவால் வருபவை. எஞ்சினுக்கும் உடலுக்கும், பேட்டரிக்கும் உடலுக்கும் புதிய எர்த் பட்டைகளைப் பளிச்சென்று தேய்த்த தகட்டில் இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். விசைப்படகுகளுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய தாமிர ஒயர் கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். சாதாரண ஒயர் இங்கே உறைக்குள்ளேயே பச்சை பூத்துவிடும். பிளாட்டினம் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷனும், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரும் வைத்தால் மழைக்காலக் காலைகளில் வண்டி தள்ளும் வேலை மிச்சம்.

முதல் 800 கிலோமீட்டரை மிதமாக ஓட்டி, ஆயிலை மாற்றி, ஹெட் போல்டுகளையும் வில்பட்டை யு-போல்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அதன்பின் தனுஷ்கோடிப் பக்கம் போய்வர யாருக்குத்தான் ஆசை வராது! அரிச்சல்முனைச் சாலையில் இரண்டு பக்கமும் கடல். காற்று வலுத்த நாளில் ஈர மணல் சாலையின் மேலேயே கிடக்கும். திரும்பி வந்ததும் வண்டியை நேரே கொட்டகையில் விடாமல், முன்சக்கரத்தை இரண்டு செங்கல்மேல் ஏற்றி, சக்கரப் பொந்துகளிலும் ரன்னிங் போர்டின் அடியிலும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பிறகு தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்துக் கதவுகளின் அடியிலும் பெட்டிகளின் அடியிலும் உள்ள வடிதுளைகளை ஒவ்வொன்றாகக் குத்திவிடுங்கள். முதலில் மணலும் கலங்கலுமாக ஒழுகும். அது தெளிந்து, சொட்டுவது நின்றபின் வண்டியை உள்ளே விடலாம்.